ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் வெக்கை: கார் ஏசியில் கோளாறு எங்கே என்று பிரித்தறிவது

ஓட்டுநர் பக்க வென்ட்டில் 8 டிகிரி, பக்கத்து இருக்கை வென்ட்டில் 17 டிகிரி. கம்ப்ரசர் பிடிக்கிறது, காற்றும் வேகமாகத்தான் வருகிறது. இந்த நிலையில் வண்டி பணிமனைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைவு என்று டாப்-அப் செய்து அனுப்புவார்கள். அல்லது சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் பிரித்துவிடும் கதவான ஃபிளாப்பை ஓட்டும் மோட்டார் போய்விட்டது என்று டாஷ்போர்டைக் கழற்றுவார்கள். இரண்டு காரணமும் உண்மையாக இருக்கக்கூடியவைதான். ஆனால் எது என்று பார்க்காமல் கை வைத்தால் மோட்டாரை மாற்றிய பிறகும் வெக்கை அப்படியே இருக்கும். அல்லது டாப்-அப் செய்த கேஸ் சில மாதங்களில் போய், அதே கோளாறு திரும்பி வரும்.

சீரற்ற குளிர்ச்சிக்கு மூன்று வழிகள்தான் உண்டு. டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் முழுப் பரப்பிலும் குளிராகவில்லை. அல்லது குளிர்ந்த காற்றில் எங்கேயோ சூடு கலக்கிறது. அல்லது குளிர்ந்த காற்று வர வேண்டிய வென்ட்டுக்கு வந்து சேரவில்லை. கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டுவதற்கு முன்பே இந்த மூன்றில் எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு தெர்மாமீட்டரும் இருபது நிமிடமும் போதும்.

முதலில் அளந்து எழுதுங்கள்

கை ஏமாற்றும். காற்று வேகமாக வரும் வென்ட், உண்மையில் இரண்டு டிகிரி சூடாக இருந்தாலும், கைக்குக் குளிராகத்தான் தெரியும். கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை எல்லா வென்ட்டிலும் ஒரே ஆழத்தில், மூன்று நான்கு சென்டிமீட்டர் உள்ளே விட்டு அளக்க வேண்டும். துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இங்கே உதவாது. அது காற்றை அளப்பதில்லை, வென்ட்டின் பிளாஸ்டிக்கைத்தான் அளக்கிறது. பளபளக்கும் அலுமினியக் குழாயில் அது இன்னும் மோசம். குழாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் பிடித்தால்தான் காட்டும் எண்ணை நம்பலாம்.

வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, உள்சுழற்சி போட்டு, வெப்பநிலையை அடிமட்டத்தில் வைத்து, ப்ளோயரை நடுவேகத்தில் விட்டு, எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெளியே எத்தனை டிகிரி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே 30 முதல் 35 டிகிரி இருக்கும்போது நடு வென்ட்டில் 5 முதல் 10 டிகிரிக்குள் வந்தால் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது. ஓர வென்ட்டுகள் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். நீளமான டக்ட்டில் வரும் காற்று வழியில் கொஞ்சம் சூடேறுவது இயல்பு. இடதுக்கும் வலதுக்கும் 3, 4 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

ஆறிய எஞ்சினில் ஒரு சோதனை

கருவியே தேவைப்படாத சோதனை இது. ஏனோ அதிகம் பேர் செய்வதில்லை.

இரவு முழுக்க நின்று எஞ்சின் நன்றாக ஆறிய வண்டியில் ஏசியைப் போடுங்கள். அந்த நேரத்தில் கூலன்ட் சூடாக இல்லை; எனவே அது ஓடும் ஹீட்டர் கோரும் (காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) ஆறித்தான் கிடக்கும். ஃபிளாப் எந்த நிலையில் நின்றாலும் காற்றில் கலப்பதற்குச் சூடு கிடையாது. முதல் மூன்று நான்கு நிமிடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குளிர்ந்து, கூலன்ட் முள் ஏற ஏற ஒரு பக்கம் மட்டும் சூடாகிக்கொண்டே போனால், அந்தப் பக்கத்துக் காற்று ஹீட்டர் கோர் வழியாகப் போகிறது என்று பொருள். கோளாறு ஃபிளாப்பில், அல்லது அதை ஓட்டும் மோட்டாரில். மாறாக எஞ்சின் ஆறியிருக்கும்போதே, முதல் சில நிமிடங்களிலேயே ஒரு பக்கம் வெக்கையாக இருந்தால் ஃபிளாப்பைக் குறை சொல்ல வேண்டாம். கூலிங் காயில் பாதிதான் குளிர்கிறது.

இதையே ப்ளோயர் வேகத்தை மாற்றியும் சரிபார்க்கலாம். காற்றைக் குறைத்தால் காயிலின் மேல் விழும் சுமை குறைகிறது. கேஸ் போதாத காயிலாக இருந்தால், இருக்கும் கேஸ் இன்னும் கொஞ்சம் அதிகப் பரப்புக்கு எட்டி, இடது வலது வித்தியாசம் சுருங்கும். ஹீட்டர் கோர் வழியாகக் கலப்பதாக இருந்தால் நேர்மாறு: மெதுவாகப் போகும் காற்று அந்தச் சூட்டை நன்றாக வாங்கிக்கொண்டு வரும், வித்தியாசம் குறையாது, பெரும்பாலும் கூடும்.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் இரட்டை மண்டல ஏசி என்றால் இன்னொன்றும் செய்யலாம். வெக்கையடிக்கும் பக்கத்தை மட்டும் அடிமட்டத்திலிருந்து உச்சத்துக்குக் கொண்டு போங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது அரை நிமிடத்துக்குள் காற்று நன்றாகச் சுட வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஃபிளாப் அசையவில்லை.

கேஸ் குறைந்தால் ஏன் ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது

கேஸ் குறைந்தால் எல்லா வென்ட்டிலும் சமமாகத்தானே குளிர் குறைய வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஒரே ஒரு வெப்பநிலைக் குமிழ் கொண்ட, மண்டலப் பிரிப்பே இல்லாத வண்டியில்கூட கேஸ் குறைவால் ஒரு பக்கம் மட்டும் வெக்கையடிக்கும். காரணம் காயிலுக்குள் நடப்பதில் இருக்கிறது.

கேஸின் அழுத்தத்தைக் குறைத்து உள்ளே விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வைத் தாண்டி காயிலுக்குள் நுழைவது திரவமும் ஆவியும் கலந்த கேஸ். அந்தத் திரவம் கொதித்து ஆவியாகும் வரைதான் அது வெப்பத்தை உறிஞ்சும். அதுவரை குழாயின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். ஆர்-134ஏ வகைக் கேஸில் லோ சைடு (காயிலிலிருந்து கம்ப்ரசர் வரையிலான தாழ் அழுத்தப் பக்கம்) 28 பிஎஸ்ஐ என்றால் அது சுமார் 0 டிகிரி, 40 பிஎஸ்ஐ என்றால் சுமார் 7 டிகிரி. திரவம் தீர்ந்த இடத்திலிருந்து வெறும் ஆவிதான் ஓடும். ஆவியால் அவ்வளவு வெப்பத்தை உறிஞ்ச முடியாது. அது தானே சூடேறிக்கொண்டு போகும். கேஸ் சரியான அளவில் இருக்கும் காயிலில் வெளியேறும் முனையில் ஒரு சிறு பகுதி மட்டுமே இப்படி உலர்ந்திருக்கும். கேஸ் குறையும்போது வால்வுக்கு முழுத் திரவம் வருவதில்லை, குமிழோடு வருகிறது. வால்வு முழுதாகத் திறந்தாலும் போதிய எடை உள்ளே போகாது. தண்ணீர் குறைந்த வாய்க்காலில் தலைமடை நனைந்து கடைமடை காய்வதுபோல, நுழைவாயில் பக்கம் குளிர்ந்து எதிர்ப்பக்கம் காய்ந்துவிடும்.

இனி காற்றின் கணக்கு. இன்றைய தட்டைக்குழாய்க் காயில்களில் கேஸ் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மூன்று நான்கு தொகுதியாக மேலும் கீழும் ஏறி இறங்கிப் போகிறது. காயிலின் இடப்பாதி வழியாக வரும் காற்று பெரும்பாலும் இடப்பக்க வென்ட்டுகளுக்கும், வலப்பாதிக் காற்று வலப்பக்கத்துக்கும் போகும். நடுவில் கலப்பதற்கு அதிக இடமில்லை. ஆகவே காயிலின் எந்தப் பாதி உலர்கிறதோ அந்தப் பக்கத்து இருக்கைக்காரருக்குத்தான் வெக்கை. அது ஓட்டுநர் பக்கமா எதிர்ப்பக்கமா என்பது அந்த வண்டியில் குழாய் எந்தப் பக்கம் நுழைகிறது என்பதைப் பொறுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. சிறிய கார் ஒன்றின் மொத்த கேஸே 400 முதல் 600 கிராம்தான். 450 கிராம் பிடிக்கும் வண்டியில் 70 கிராம் போனாலே ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிடுகிறது. கேஜில் அது பெரிதாகத் தெரியாது, வென்ட்டில் தெரியும். ஓடாத வண்டியில் கேஜ் மாட்டிப் பார்த்து கேஸ் இருக்கிறது என்று முடிவு கட்டுவதிலும் பொருளில்லை. நின்ற நிலையில் கேஜ் காட்டுவது கேஸின் அளவை அல்ல, அப்போதைய வெப்பநிலையை. 30 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும், கொஞ்சமாவது திரவம் மிஞ்சியிருக்கும் வரை அதே 97தான். எனவே எடை போட்டு ஏற்றுவது ஒன்றே சரியான வழி. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் வகையும் கிராமும் இருக்கும். மெஷினில் பழைய கேஸை முழுதாக மீட்டெடுக்கும்போது எத்தனை கிராம் வந்தது என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 450 பிடிக்க வேண்டிய வண்டியில் 310தான் வந்தது என்றால் அதைவிடத் தெளிவான நோயறிக்கை கிடையாது.

கேஸ் குறைந்தால் அது எங்கேயோ கசிந்திருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. ஒரே கோடையில் நூறு கிராம் போனால் அது கசிவுதான். சர்வீஸ் போர்ட்டின் உள் வால்வு, குழாய் இணைப்பில் உள்ள ஓ-ரிங், கல்லடி பட்ட கன்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் வெப்பத்தை வெளியே விடுவது), கம்ப்ரசரின் முன் சீல் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் காயிலுக்கு வரலாம். கேஸோடு எண்ணெயும் கசியும் என்பதால் தூசி அப்பிய எண்ணெய்க் கறை தெரிந்தால் அந்த இடத்தில் முதலில் பாருங்கள். தெரியாவிட்டால் யூவி சாயம் அல்லது எலக்ட்ரானிக் கசிவறியும் கருவி. கேஸ் முழுதாக இறங்கிவிட்ட வண்டியில் நைட்ரஜனை ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துச் சோப்பு நுரை போடுவது நம்பகமானது. உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து உண்டாக்கிய வேக்குவம் குறையாமல் நின்றால் கசிவு இல்லை என்று சொல்வார்கள்; முழு உண்மை அல்ல. வேக்குவம் சீலை உள்நோக்கி இழுக்கிறது, வேலையின்போதோ அழுத்தம் வெளிநோக்கித் தள்ளுகிறது. சிறு கசிவு வேக்குவத்தில் தப்பிவிடும். கசிவை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்பதைப் பக்கத்திலேயே சேர்க்க வேண்டாம். அது வால்வையும் அடைக்கும், கேஸ் மீட்கும் மெஷினையும் கெடுக்கும்.

கேஸ் சரியான எடையில் ஏற்றிய பிறகும் அதே பக்கம் காய்ந்தே இருந்தால் காயிலுக்குள்ளேயே சில குழாய்கள் அடைபட்டிருக்கலாம். கம்ப்ரசர் உடைந்து உலோகத் துகள் பரவிய வண்டிகளில் இது நடக்கும். தட்டைக்குழாய்க் காயிலைக் கழுவி மீட்பது நடைமுறையில் பலன் தருவதில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சூடு கலக்கும் இடம்

ஆறிய எஞ்சின் சோதனை ஃபிளாப்பைக் காட்டினால், அதை உறுதிசெய்ய ஒரு வழி: எஞ்சின் பக்கத்திலிருந்து ஹீட்டர் கோருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸில் உள்ளே போகும் ஹோஸை, அதற்கென்று உள்ள வழவழப்பான வாய் கொண்ட கிளாம்ப்பால் நெருக்கி அடையுங்கள். வெறும் பிளையரால் நெரித்தால் பழைய ஹோஸ் வெடிப்பு விடும். ஐந்து நிமிடத்தில் வெக்கைப் பக்கத்து வென்ட் மட்டும் நான்கைந்து டிகிரி இறங்கினால் சந்தேகம் தீர்ந்தது.

ஃபிளாப்பை ஓட்டுவது சிறிய மோட்டாரும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களும். பல் உடைந்தால் இக்னிஷன் போட்டதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து சில விநாடிகள் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். சத்தமே இல்லாமலும் கெடும். மோட்டாரின் முனை சொருகும் ஃபிளாப் தண்டு விரிசல் விட்டால் மோட்டார் சுற்றும், ஃபிளாப் அசையாது. இந்த இடத்தில் ஸ்கேனரை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். ஸ்கேனர் காட்டும் நிலை மோட்டாருக்குள் உள்ள சென்சார் சொல்வது. ஃபிளாப் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. மோட்டாரைக் கழற்றி, தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும்.

வென்ட்டிலிருந்து கறுப்புப் பஞ்சுத் துணுக்குகள் மடியில் வந்து விழுகின்றனவா? ஃபிளாப்பின் விளிம்பில் ஒட்டியிருக்கும் நுரை நைந்து உதிர்கிறது. ஃபிளாப் முழுதாக மூடினாலும் ஓரத்தில் சந்து விட்டு, அதன் வழியே சூடு கசியும். மோட்டார் மாற்றுவதால் இது சரியாகாது.

பேட்டரி கழற்றிய பிறகோ பேட்டரி இறங்கிப்போன பிறகோ ஒரு பக்கம் சுட ஆரம்பித்திருந்தால் பாகம் எதையும் மாற்ற வேண்டாம். மோட்டார்கள் தங்கள் தொடக்க, இறுதி நிலைகளை மறந்திருக்கலாம். மீண்டும் கற்றுக்கொடுக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஸ்கேனர், சிலவற்றில் ஏசி பேனலில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்துவது.

காற்று வந்து சேராதபோது

எல்லா வென்ட்டிலும் தெர்மாமீட்டர் ஒரே எண்ணைக் காட்டியும் ஒரு பக்கம் குளிரவில்லை என்றால் வெப்பநிலை பிரச்சினை அல்ல, காற்றளவு பிரச்சினை. மியூசிக் சிஸ்டம் மாற்றும்போதோ ஏர்பேக் வேலையின்போதோ டாஷ்போர்டுக்குள் டக்ட் இணைப்பு நழுவியிருக்கலாம். குளிர்காற்று உள்ளேயே வீணாகும். கால் பக்கத்தில் குளிராக வருகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். மோடு ஃபிளாப் பாதியில் நின்றால் முகத்துக்கு வர வேண்டியது பாதத்துக்குப் போகும்.

கேபின் ஃபில்டரை எல்லோரும் பார்ப்பார்கள். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் காயில் முகத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. ஃபில்டர் இல்லாமலோ அம்புக்குறி மாறியோ ஓடிய வண்டிகளில் முடி, பஞ்சு, இலைச்சருகு எல்லாம் காயிலின் கீழ்ப்பாதியில் கம்பளம்போல் படியும். ப்ளோயர் ரெசிஸ்டரைக் கழற்றினால் கிடைக்கும் துளை வழியே சிறு கேமரா விட்டுப் பார்க்கலாம். அடைபட்ட பகுதியில் காற்று போகாததால் அங்கே ஈரம் உறைந்து பனியாகும்; பனி படர்ந்து மற்ற பகுதியையும் மூடும்.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு ப்ளோயர் இரைச்சல் இருந்தும் காற்று மெலிந்து போகிறதா? காயிலில் பனி கட்டுகிறது. ஏசியை மட்டும் அணைத்து ப்ளோயரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட்டால் காற்று திரும்பி வந்து, வண்டிக்கு அடியில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டும். காயிலின் வெப்பநிலை 1 முதல் 3 டிகிரிக்கு இறங்கியதும் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சார் தவறாகக் காட்டுகிறது, அல்லது தன் இடத்திலிருந்து நழுவிவிட்டது. அடைபட்ட ஃபில்டரும் குறைந்த கேஸும் இதே விளைவைத் தரும் என்பதால் சென்சாரை மாற்றுவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

நிற்கும்போது வெக்கை, ஓடும்போது குளிர்

இங்கே சீரற்றது இடம் அல்ல, நேரம். சிக்னலில் நின்றால் 16 டிகிரி, சாலையில் ஓடினால் 8. இது பெரும்பாலும் கன்டென்சருக்குக் காற்று போதாத கோளாறு. நிற்கும்போது விசிறி மட்டுமே காற்றைத் தருகிறது. விசிறி சுற்றுகிறது என்பதோடு நிறுத்தாமல், ஏசி போட்டதும் சுற்றுகிறதா, அதிவேகத்துக்கு மாறுகிறதா, சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றி இணைத்ததால் எதிர்த்திசையில் ஊதும் விசிறிகள் உண்டு. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் படிந்த தூசி முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பின்னால் பிடித்து, வெளிச்சம் ஊடுருவி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கும் எளிய சோதனை ஒன்று: வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது கன்டென்சர் மேல் மெல்லிய தூவலாகத் தண்ணீர் தெளியுங்கள். வென்ட் வெப்பநிலை ஒரே நிமிடத்தில் சடாரென்று இறங்கினால் கன்டென்சர் வெப்பத்தைக் கழிக்கத் திணறுகிறது. இறங்கவில்லை என்றால் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். தேய்ந்த கம்ப்ரசரும் குறைந்த ஆர்பிஎம்மில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சின் சூடேறிய பின் மட்டும் கம்ப்ரசர் விட்டுவிட்டுப் பிடித்தால் அதை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச்சின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டியது. தேய்ந்து அகன்ற இடைவெளியை, சூட்டில் வலுக்குறையும் கிளட்ச்சின் மின்காந்தத்தால் இழுத்துப் பிடிக்க முடியாது.

இப்போது கேஜ்

வெளியே 35 டிகிரி வாக்கில், 1500 ஆர்பிஎம்மில் ஆர்-134ஏ வண்டியில் லோ சைடு 30 முதல் 45, ஹை சைடு 180 முதல் 250 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று, அல்லது கன்டென்சர் திணறல். மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை இவற்றைப் பிரிக்க உதவும். லோ உயர்ந்து ஹை தாழ்ந்திருந்தால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. லோ மட்டும் உயர்ந்து, தடித்த திரும்பு குழாய் கம்ப்ரசர் வரை வியர்த்துக் குளிர்ந்திருந்தால் எக்ஸ்பேன்ஷன் வால்வு திறந்தபடி நிற்கிறது. லோ சைடு வேக்குவம் வரை இறங்கினால் வால்வு மூடிக்கிடக்கிறது, அல்லது அடைப்பு.

லோ சைடு வேக்குவத்துக்கு இறங்கிச் சில நிமிடத்தில் தானாக மீண்டு, மறுபடி இறங்குகிறதா? உள்ளே ஈரம் இருக்கிறது. வால்வு வாயில் அது உறைந்து அடைக்கிறது, இளகி விடுகிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, குறைந்தது 30 நிமிடம் நல்ல வேக்குவம் பிடித்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கிளட்ச் இல்லாத, கொள்ளளவு மாறும் கம்ப்ரசர்களில் கேஜ் மௌனம் சாதிக்கும். கட்டுப்பாட்டு வால்வு லோ சைடை எப்போதும் 30 பிஎஸ்ஐயை ஒட்டியே பிடித்து வைக்கும் என்பதால், கேஸ் கொஞ்சம் குறைந்தாலும் எண்கள் ஒழுங்காகவே தெரியும். அங்கே வென்ட் வெப்பநிலையும் மீட்டெடுத்த கிராமும்தான் பேசும்.

கம்ப்ரசரிலிருந்து கன்டென்சருக்குப் போகும் குழாய் 70, 80 டிகிரிக்கு மேலும் சுடும். அதைத் தொட வேண்டாம். கன்டென்சருக்குப் பிறகு வரும் மெல்லிய குழாய் வால்வு வரை ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று குளிர்ந்தால் அந்த இடத்தில்தான் அடைப்பு. கேஜ் ஹோஸைக் கழற்றும்போது கண்ணாடியும் கையுறையும் அவசியம். ஆர்-134ஏ திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் உறைபுண்தான். புதிய வண்டிகளில் வரும் ஆர்-1234ஒய்எஃப் மிதமாகத் தீப்பிடிக்கக்கூடியது. அதற்குத் தனி மெஷின் வேண்டும், பழைய கேஸை அதில் கலக்கக் கூடாது.

முன்னால் குளிர், பின்னால் இல்லை

பின்வரிசை வென்ட் இருப்பதாலேயே பின்னால் தனி ஏசி இருப்பதாக ஆகாது. பல வண்டிகளில் முன் ப்ளோயரின் காற்றையே நடு கன்சோலுக்கு அடியில் நீளமான டக்ட்டில் தள்ளுகிறார்கள். அது கொஞ்சம் மெலிந்தும் சூடேறியும்தான் வரும். பெரிய வண்டிகளில் பின்னால் தனிக் காயிலும் தனி வால்வும் இருக்கும். முன்னால் நன்றாக இருந்து பின்னால் மட்டும் சரியில்லை என்றால் பின் வால்வு, பின் ப்ளோயர், பின் காயிலின் தூசி என்ற வரிசையில் பாருங்கள். வண்டியின் அடியில் ஓடும் நீண்ட அலுமினியக் குழாய் சேற்றிலும் கல்லிலும் அரித்துக் கசிவதும் இந்த வண்டிகளின் தனி நோய். கேஸ் அளவு ஸ்டிக்கரில் இரட்டை ஏசிக்குத் தனி எண் இருக்கும். ஒற்றை ஏசியின் எண்ணைப் பார்த்து ஏற்றினால் முன் காயில் சமாளித்துக்கொள்ளும், பின் காயில் காயும்.

பழுதே இல்லாத வித்தியாசங்கள்

தானியங்கி ஏசியில் டாஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி ஒரு சிறு கறுப்புக் குமிழ் இருக்கும். வெயிலை அளக்கும் சென்சார் அது. இரட்டை மண்டல வண்டிகள் சிலவற்றில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு அதிகக் குளிரை அனுப்பும்படி அமைத்திருப்பார்கள். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று வித்தியாசம் இடம் மாறினால் அந்தக் குமிழைத் துணியால் மூடிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மின்சார வண்டிகளில் இன்னொன்று. அவற்றில் பல பேட்டரியைக் குளிர்விக்கவும் அதே கேஸைத்தான் பயன்படுத்துகின்றன. வேக சார்ஜிங்கின்போதும் நீண்ட ஏற்றத்திலும் பேட்டரிக்கு முன்னுரிமை கிடைத்து, கேபின் வென்ட் சில டிகிரி ஏறும். சார்ஜ் முடிந்து சற்று நேரத்தில் அது இறங்கிவிட்டால் கவலையில்லை. இறங்காமலே இருந்தால் பேட்டரிப் பக்கத்து வால்வு மூடவில்லை. அந்த வேலையை உயர் மின்னழுத்தத்தில் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். ஏற்றும் எண்ணெயும் அந்தக் கம்ப்ரசருக்கென்று குறிப்பிட்ட பிஓஇ வகையாகவே இருக்க வேண்டும். வழக்கமான பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் கம்ப்ரசர் மோட்டாரின் மின்காப்பு குறைந்து, வண்டி தானே ஏசியைத் துண்டித்துவிடும்.